உதிரும் சருகும் நிஃமத்தே

அல்ஹம்து லில்லாஹ். மழையை இறக்கி, வறண்டு கிடக்கும் பூமிக்கு உயிர் கொடுக்கும் அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும். ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே!

அதுவும் இதுபோல ஒரு ஜும்ஆ நாள்தான். நபி (ஸல்) அவர்கள் குத்பா ஓதிக்கொண்டிருக்கும்போது ஒருவர் பள்ளிக்குள் வந்து, கால்நடைகள் மடிகின்றன, மழைக்காக துஆ செய்யுங்கள் என்று முறையிட்டார். நபியவர்கள் கையேந்தினார்கள். அன்று பிடித்த மழை அடுத்த ஜும்ஆ வரை விடவில்லை. அந்த ஜும்ஆவில் மறுபடியும் ஒருவர் எழுந்து, வீடுகள் இடிகின்றன என்றார். மழையே வேண்டாம் என்று நபியவர்கள் கேட்கவில்லை. எங்கள் மேல் பெய்யாமல் சுற்றிலும் பெய்யட்டும் என்று கேட்டார்கள். குன்றுகள், ஓடைகள், மரம் முளைக்கும் இடங்கள் என்று இடத்தையும் சொல்லிக் கேட்டார்கள். அனஸ் (ரலி) அறிவிக்கும் இந்தச் செய்தி ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது.

மரம் முளைக்கும் இடத்தில் மழை பெய்தால் என்ன நடக்கும்? தேவதானத்தில் நின்று மேற்கே பார்த்தாலே தெரியும். அந்த மலைக்காடு 1988-ல் நரை அணில் சரணாலயமானது. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. அணிலுக்கும் புலிக்கும்தானே, நமக்கென்ன என்று நினைக்கிறோம். நம் கிணற்றுத் தண்ணீரும் அந்தக் காட்டோடு சம்பந்தப்பட்டதுதான்.

காட்டுக்குள் கொட்டுகிற மழை நேரே மண்ணில் அடிப்பதில்லை. முதலில் இலை தாங்குகிறது, பிறகு கீழே கிடக்கும் சருகு மெத்தை தாங்குகிறது. சருகைக் கரையானும் மண்புழுவும் பூஞ்சையும் தின்று மக்க வைக்கின்றன. மக்கிய மண் பஞ்சு மாதிரி நீரைக் குடிக்கும். வேர் போன வழியிலும், புழு துளைத்த துளையிலும் தண்ணீர் உள்ளே இறங்கும். ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்கள் கொட்டியதை மலை தனக்குள் வாங்கி வைத்து, மழை நின்ற பிறகும் ஓடையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய விடுகிறது. அந்தத் தண்ணீர்தான் சாஸ்தா கோவில் அணைக்கும் கண்மாய்களுக்கும் வருகிறது. மழைநீரை பூமிக்குள் ஊற்றுகளாகச் செலுத்துவது தானே என்று அல்லாஹ் ஸூரத்துஸ் ஸுமரில் (39:21) நினைவூட்டுகிறான்.

அதே மழை மொட்டைத் தரையில் பெய்தால் மேல்மண் இறுகிவிடும். தண்ணீர் உள்ளே போகாமல், மண்ணையும் கரைத்துக்கொண்டு ஓடிக் கண்மாயைத் தூர்த்துவிடும். இரண்டு, மூன்று சென்டிமீட்டர் மண் உருவாகவே 1000 ஆண்டுகள் வரை ஆகலாம் என்கிறது ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு. ஒரு நல்ல மழையில் அது போய்விடும்.

சகோதரர்களே, நாம் என்ன செய்கிறோம்? மாந்தோப்பில் உதிர்ந்த இலையைக் கூட்டித் தீ வைக்கிறோம். தென்னை மட்டையை எரிக்கிறோம். தோப்பு "சுத்தமாக" இருக்கிறதாம்! பிறகு கடைக்குப் போய் உர மூட்டை வாங்குகிறோம். மரம் மண்ணுக்குத் திருப்பிக் கொடுத்ததைப் புகையாக்கிவிட்டு, அதையே காசு கொடுத்து வாங்குவது இஸ்ராஃப் இல்லையா? கோடையில் மலையடிவாரத்தில் வைக்கிற தீ மேலே ஏறினால், அந்தச் சருகு மெத்தையே எரிந்து போகும்.

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ பிராணியோ தின்றால், அது அவருக்கு ஸதகா என்று நபியவர்கள் அறிவித்திருக்கிறார்கள். பிராணி என்றால் ஆடு மாடு மட்டுமல்ல, மண்புழுவும் அதில் சேரும் என்றே நான் விளங்குகிறேன். கன்று நடும் போட்டோ நம்மிடம் நிறைய இருக்கிறது. அடுத்த வருடம் அதே குழியில் இன்னொரு கன்று நடுகிறோம். நட்டவர் அதன் அடியில் சருகைப் போட்டு மூடி, இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றினால்தான் அது நிழல் தரும். வேம்போடு புங்கையும் வாகையும் கலந்து நடுங்கள். இவை இரண்டும் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் மூலம் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தருபவை. வயல் வைத்திருப்பவர்கள் நடவுக்கு முன் கொழிஞ்சியோ தக்கைப்பூண்டோ விதைத்து, பூக்கும் சமயத்தில் மடக்கி உழுங்கள். நம் பாட்டன்மார் செய்ததுதான்.

மையவாடியிலும் இதே கதைதான். சருகு கிடந்தால் பாம்பு அடையும் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். அது நியாயமான பயம். ஆகவே பாதையையும் கபர்களுக்கு நடுவே நடக்கிற இடத்தையும் கூட்டுங்கள். கூட்டியதை ஒரு மூலையில் குழி வெட்டிப் போட்டு, மேலே மண் தூவித் தண்ணீர் தெளியுங்கள். ஒரு மழைக்காலம் போனால் மக்கிவிடும். அங்கிருக்கிற மரங்களுக்கே போட்டுவிடலாம். இன்ஷா அல்லாஹ், நாளை ஃபஜ்ருக்குப் பிறகு சுத்தம் செய்ய வருகிற வாலிபர்கள் மண்வெட்டியோடு வாருங்கள். தீப்பெட்டி வேண்டாம்.

யா அல்லாஹ்! எங்கள் மலைகளிலும் ஓடைகளிலும் மரம் முளைக்கும் இடங்களிலும் பயனுள்ள மழையை இறக்குவாயாக. ஆமீன்.