யாருடைய கிறுக்கல்?

“கோழி கிளறின மாதிரி எழுதியிருக்கே.” “எறும்பு மையில விழுந்து ஊர்ந்த மாதிரி இருக்கு.” இரட்டை வரி நோட்டில் எழுதிப் பழகியவர்களில் இப்படி ஒரு திட்டு வாங்காதவர் குறைவு. அவசரத்தில் எழுதியதைக் கிறுக்கல் என்கிறோம். யாராலும் படிக்க முடியாமல் போனால் அது தலையெழுத்து, பிரம்மலிபி.

இந்தச் சொற்கள் யார் மேல் விழுகின்றன என்று பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பெரும்பாலும் ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் மேல்தான். அதே எழுத்து மருந்துச் சீட்டில் இருந்தால் ‘டாக்டர் எழுத்து’ என்று மரியாதையோடு சொல்கிறோம். அதிகாரி கோப்பின் அடியில் இழுத்துவிடும் கோட்டில் அவர் பெயரின் ஓர் எழுத்துகூட இல்லாவிட்டாலும் அது கையெழுத்துதான். எழுதுகிறவர் உயர உயர, கிறுக்கல் என்ற சொல் அவரை விட்டு விலகிவிடுகிறது.

குழந்தையிடம் அவசரம் இல்லை. விரல்கள் இன்னும் உறுதிப்படவில்லை, அவ்வளவுதான். ‘ஞ’வின் சுழியும் ‘ணை’யின் வளைவும் அந்தப் பிஞ்சு விரல்களுக்குப் பெரிய வேலை. எழுதுவதிலேயே கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளும் உண்டு. கோழியையும் எறும்பையும் சொல்லிக் காட்டினால் அவர்கள் நோட்டையே வெறுத்துவிடுவார்கள். தன் மோசமான கையெழுத்துக்காகக் கடைசிவரை வருந்தியவர் காந்தி. அது அரைகுறைக் கல்வியின் அடையாளம் என்றே சுயசரிதையில் சொல்கிறார். ஆனால் அதற்கு அவர் கண்ட வழி, பிள்ளைகளுக்கு முதலில் படம் வரையக் கற்றுக்கொடுத்து, பிறகு எழுத வைப்பது. எனக்கு இதுவே சரியென்று படுகிறது.

பெரியவர்கள் விஷயம் வேறு. அவர்கள் கிறுக்கும்போது மிச்சமாவது எழுதுகிறவரின் நேரம், செலவாவது படிக்கிறவரின் நேரம். பழைய ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. கொம்பைப் பார்த்துக் குறிலா நெடிலா என்று சொல்ல முடியாது. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே.சாமிநாதையர் இந்த மயக்கங்களையெல்லாம் ஏடு ஏடாக ஒப்பிட்டுத் தீர்க்க வேண்டியிருந்தது. ஏடெழுதியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. எழுத்தாணியை அழுத்திப் புள்ளி குத்தினால் ஓலை பொத்துவிடும். இன்று பேனாவும் தாளும் கையில் வைத்திருப்பவருக்கு அந்தக் காரணம் கிடையாது.

புதிதாக எழுதப் பழகும் பெரியவர்களை இதில் நான் சேர்க்கவில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-ல் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் தொடங்கியபோது, அதுவரை ‘கைநாட்டு’ என்று இகழப்பட்ட பெண்கள் தங்கள் பெயரை எழுதக் கற்றார்கள். வேலை முடித்து வந்து, எழுத்துக்கு எழுத்து நிதானமாக வரைந்த பெயர்கள் அவை. வடிவம் கோணலாக இருக்கலாம், ஆனால் யாரும் படிக்கலாம். அதை ஏளனம் செய்ய எவருக்கும் உரிமை இல்லை.

என் அம்மாவின் மருந்துச் சீட்டை ஒரு மெடிக்கலில் ஒரு மருந்தாகவும் அடுத்த கடையில் வேறொரு மருந்தாகவும் படித்தார்கள். அன்றிலிருந்து எனக்கு ‘டாக்டர் எழுத்து’ என்ற சொல்லே பிடிக்காமல் போயிற்று. அமெரிக்காவின் டெக்சாஸில் 1995-ல் இதய நோய்க்கு ‘ஐசோர்டில்’ என்று மருத்துவர் எழுதியதை, மருந்தாளுநர் இரத்த அழுத்த மருந்தான ‘பிளெண்டில்’ என்று படித்துவிட்டார். சீட்டிலிருந்த அளவு அந்த மருந்துக்கு மிக அதிகம். 42 வயது நோயாளி இறந்துபோனார். எழுதியவர், படித்தவர் இருவருமே பொறுப்பு என்று 1999-ல் ஜூரிகள் தீர்ப்பளித்தார்கள்.

இந்தியாவிலும் விதி இருக்கிறது. மருந்தின் பொதுப்பெயரைத் தெளிவாக, கூடுமானவரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்று 2016-ல் இந்திய மருத்துவக் கவுன்சில் தன் நெறிமுறையைத் திருத்தியது. படிக்கத்தக்க மருந்துச் சீட்டு நோயாளியின் அடிப்படை உரிமை, அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவுக்குள் அடங்குவது என்று 2025-ல் பஞ்சாப்–அரியானா உயர்நீதிமன்றம் சொன்னது. இருந்தும் சீட்டை வாங்கிக்கொண்டு, கும்பிட்டுவிட்டு, பேசாமல் வெளியே வந்துவிடுகிறோம். படித்தவர்களும் அப்படித்தான். கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்ற தயக்கம்.

தயங்காதீர்கள். அடுத்த முறை சீட்டைக் கையில் வாங்கியதும் அங்கேயே ஒருமுறை படித்துப் பாருங்கள். புரியவில்லை என்றால், “டாக்டர், இந்த மருந்துப் பேரைக் கொஞ்சம் பெரிய எழுத்துல எழுதிக் கொடுங்க” என்று பணிவாகக் கேளுங்கள். விதி உங்கள் பக்கம் இருக்கிறது.