சுவருக்குள் கிடைக்கும் அடக்கம்

பெங்களூருவில், சட்டத்துடன் முரண்பட்ட சிறுவர்களுக்கான அரசுக் கூர்நோக்கு இல்லம் ஓசூர் சாலையை ஒட்டி இருக்கிறது. மனநலச் சிகிச்சைக்குப் பெயர்பெற்ற நிம்ஹான்ஸ் மருத்துவமனையும் அதே சாலையில்தான் உள்ளது. திருட்டு வழக்கில் பிடிபட்ட பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவனை எண்ணிப் பார்ப்போம். பஞ்சர் ஒட்டும் பசையைத் துணியில் தடவி முகர்ந்து பழகியவன். அவனுக்குரிய இடம் இல்லமா, மருத்துவமனையா?

2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், சிறுவருக்குப் போதைப்பொருள் கொடுப்பவருக்கு ஏழாண்டு வரை கடுங்காவல் தண்டனை விதிக்கிறது. போதைக்கு அடிமைப்பட்ட சிறுவனைச் சிகிச்சைக்கு அனுப்பவும் வழி செய்கிறது. ஆயினும், 'நீ நோயாளி, உன்மீது தவறே இல்லை' என்று கூறுவது முழு உண்மையாகுமா? திருட்டைச் செய்தவன் அவனல்லன் என்றால், நாளை திருந்தப்போகிறவன் யார்?

'எல்லாம் நீ செய்ததே' என்பதும் நியாயமன்று. 2019-இல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வின்படி, பெரியவர்களைவிடச் சிறுவர்களிடையே அதிகமாகக் காணப்படும் போதை, முகரும் வகை ஒன்றுதான்: சிறுவர்களில் 1.17 சதவீதம், பெரியவர்களில் 0.58 சதவீதம். அது மலிவானது, பசியையும் பயத்தையும் சிறிது நேரம் மறக்கச் செய்வது. பலருக்குப் போதைக்கு முன்பே துயரம் வந்துவிடுகிறது. பழக்கம் நின்றதும் தூக்கமின்மை, எரிச்சல், மனச்சோர்வு ஆகியவை தலைதூக்குகின்றன. இவற்றைத் திமிர் என்று காவலர் எண்ணிவிட்டால், நோய்க்கும் சேர்த்துத் தண்டனை கிடைத்துவிடும்.

'மூன்று மாதமாகத் தொடவில்லை, திருந்திவிட்டான்' என்ற மகிழ்ச்சியிலும் ஒரு பிழை உண்டு. பசையே கிடைக்காத இடத்தில் அதைத் தொடாதிருப்பது புலனடக்கமா? சோறில்லாதவன் பட்டினி கிடப்பதை எவரும் நோன்பு என்பதில்லை. விருப்பத்துடன் ஏற்பதே நோன்பு. அந்த விருப்பம் மெல்லத்தான் வளரும். 'இன்று எனக்கு அந்த ஆசை வந்தது' என்று அவன் ஒருவரிடம் அஞ்சாமல் சொல்ல இயல வேண்டும். சொன்னதற்கு அடி விழுமானால், அவன் கற்பது அடக்கத்தையல்ல, மறைக்கும் திறமையைத்தான். (பெரியவர்களும் பல வீடுகளில் இதையேதான் கற்றிருக்கிறார்கள்.)

உண்மையான சோதனை வாயிற்கதவுக்கு வெளியே தொடங்குகிறது. பழைய தோழர்கள் இருக்கிறார்கள்; பசை விற்கும் கடையும் இருக்கிறது. சிறுவனின் பழைய வழக்குப் பதிவுகள் அழிக்கப்பட்டு அவன் புதிதாகத் தொடங்க வேண்டும் என்பது சட்டத்தின் கொள்கை. அவனோ மெக்கானிக் ஷெட் ஒன்றில் வேலை கேட்டு நிற்கிறான். உரிமையாளர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்: "இத்தனை நாள் எங்கே இருந்தாய்?"