மச்சான் பில்டரா, தூண் விரிசலா?

நவி மும்பையின் சான்பாடாவில், நகரை அமைத்த அரசு நிறுவனமான சிட்கோ காலத்துப் பழைய குடியிருப்புகளில் மறுகட்டுமானப் பேச்சு எழாத சொசைட்டி குறைவு. பொதுக்குழுவில் ஒருவர் எழுந்து, "கட்டடம் இனி தாங்காது, இடித்துக் கட்டுவதே நல்லது" என்பார். உடனே பின்வரிசையிலிருந்து குரல் வரும்: "உங்க மச்சான் பில்டராச்சே!" அத்தோடு பேச்சு திசைமாறிவிடும்.

அந்தச் சந்தேகம் வீணானதல்ல. கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் 79ஏ பிரிவின்கீழ் மகாராஷ்டிர அரசு கொண்டுவந்த நெறிமுறைகளே, சங்க நிர்வாகியோ அவருடைய உறவினரோ மறுகட்டுமான வேலைக்கு பில்டராக வரக்கூடாது என்கின்றன. ஆதாயம் உள்ளவர் கையில் முடிவை ஒப்படைக்கலாகாது.

ஆனால் தூணில் விரிசல் இருக்கிறதா என்பதற்கு மச்சான் சாட்சியில்லை. காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறதா, ஸ்ட்ரக்சுரல் ஆடிட் அறிக்கை என்ன சொல்கிறது என்று நாமே பார்த்துவிடலாம். பார்க்க முடிகிற இடத்தில் சொன்னவரின் உள்நோக்கத்தைக் கிளறுவது சோம்பல்தான். "பில்டரைப் பத்தி நான் விசாரிச்சுட்டேன், நல்ல பார்ட்டி" என்று வெறும் வாய்ச்சொல்லை நம்பச் சொன்னால் நிலைமை வேறு. அப்போது அவருக்கு இதில் என்ன கிடைக்கும் என்று கூச்சப்படாமல் கேட்க வேண்டும்.

எதிர்ப்பவருக்கும் இதே அளவுகோல்தான். தரைத்தள வீட்டில் டியூஷன் நடத்துபவர், வருமானம் போகுமே என்ற பயத்தில்கூட எதிர்க்கலாம். இருந்தாலும் பில்டர் தரவேண்டிய வங்கி உத்தரவாதம் எங்கே என்று அவர் கேட்டால், சம்மதக் கடிதத்தில் கையெழுத்திடும் முன் அதற்குப் பதில் வந்தாக வேண்டும்.