காலந்தாழ்த்தலும் அறமும்: கேம்பல் பே பட்டறிவை முன்வைத்து

முன்னுரை

செய்ய வேண்டியது இன்னதெனத் தெரிந்திருந்தும், செய்யும் ஆற்றல் இருந்தும், அதனை நாளைக்கு ஒதுக்கிவைக்கும் வழக்கம் மாந்தர்க்குப் பொதுவானது. கட்ட வேண்டிய வரி, எழுத வேண்டிய மடல், காண வேண்டிய மருத்துவர், கேட்க வேண்டிய மன்னிப்பு என இப்பட்டியல் நீளும். இதனைச் சோம்பல் என்று ஒரு சொல்லில் அடக்கிவிடுவது எளிது. ஆயின் காலந்தாழ்த்துவோர் பலர் வாளா இருப்பதில்லை. செய்ய வேண்டிய ஒன்றைத் தவிர மற்றவை அனைத்தையும் செய்துகொண்டிருக்கின்றனர். அவ்வாறாயின் இஃது எத்தகைய குறை? இதன் விளைவுக்கு யார் பொறுப்பு? கிரேட் நிக்கோபார் தீவிலுள்ள கேம்பல் பே என்னும் ஊரின் பட்டறிவைக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்வதாக இக்கட்டுரை அமைகிறது.

நெடுநீரும் மடியும்

திருவள்ளுவர் மடியின்மை அதிகாரத்தில் நெடுநீர், மறவி, மடி, துயில் என்னும் நான்கினையும் தனித்தனியே எண்ணுகிறார். விரைந்து செய்ய வேண்டியதை நீட்டித்துச் செய்யும் இயல்பே நெடுநீர் ஆகும். நெடுநீரும் மடியும் ஒன்றாயின் இரண்டையும் வேறுவேறாகக் கூற வேண்டியதில்லை. எனவே காலந்தாழ்த்தல் சோம்பலின் மறுபெயர் அன்று என்பது புலனாகிறது. இந்நான்கும் கெடும் இயல்புடையோர் விரும்பும் ‘கலன்’ எனப்படுகின்றன. கலன் என்பதற்கு மரக்கலம் எனப் பரிமேலழகர் பொருள் கொள்வது ஈண்டு நோக்கத்தக்கது. கலத்தில் ஏறுவோன் விரும்பியே ஏறுகிறான்; கரை விலகிச் செல்வதை அவன் உடனே உணர்வதில்லை.

அதே வள்ளுவர் காலமறிதல் அதிகாரத்தில் கொக்கினைப் போலக் காத்திருக்கவும் சொல்கிறார். வினைசெயல்வகையில், காலம் நீட்டித்துச் செய்யத்தக்கவற்றை நீட்டித்தே செய்யலாம் என்றும், விரைந்து செய்யத்தக்கவற்றில் நீட்டித்தல் கூடாது என்றும் வரையறுக்கிறார். ஆகவே தாமதம் எல்லாமே குற்றம் அன்று. கொக்கு காத்திருப்பது மீனுக்காக. காலந்தாழ்த்துவோன் காத்திருப்பதோ தன் மனம் இசையும் நேரத்துக்காக. வேறுபாடு கழியும் நேரத்தின் அளவில் இல்லை. எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதில் உள்ளது.

அறிந்தும் செய்யாமை

தீதென அறிந்தே ஒருவன் தீதினைத் தேர்வதில்லை என்பது பிளேட்டோவின் ‘புரோட்டகோரஸ்’ உரையாடலில் சாக்ரட்டீஸ் முன்வைக்கும் வாதம். அண்மையிலுள்ள பொருள் பெரிதாகவும் சேய்மையிலுள்ளது சிறிதாகவும் தோன்றுவது போலவே, அண்மை இன்பமும் பெரிதாகத் தோன்றி மயக்குகிறது என்பது அவர் கூற்று. அரிஸ்டாட்டிலோ, அறிவு இருந்தும் அதன்வழி நடவாத மன உறுதியின்மை உண்டு என ஏற்று, ‘நிக்கோமாக்கிய அறவியல்’ ஏழாம் நூலில் அதனை விரிவாக ஆராய்கிறார்.

இக்கால உளவியல் இவ்விரு கருத்துகளுக்கும் துணைநிற்கிறது. தொலைவிலுள்ள பயனை மனித மனம் மிகையாகக் குறைத்து மதிப்பிடுகிறது என்பதை 1975இல் ஜார்ஜ் எயின்ஸ்லி விளக்கினார். ஒரு பணிக்குத் தேவையான காலத்தை மாந்தர் குறைவாகவே கணிக்கின்றனர் என 1979இல் கானமனும் டிவெர்ஸ்கியும் எடுத்துக்காட்டினர். பணி எழுப்பும் அச்சம், சலிப்பு, தாழ்வுணர்ச்சி ஆகியவற்றிலிருந்து அப்போதைக்குத் தப்பும் முயற்சியே காலந்தாழ்த்தல் என 2013இல் சிரோயிஸ், பிச்சில் ஆகிய இருவரும் வாதிட்டனர். இக்கருத்தின்படி, ஒத்திப்போடுவோன் பணியை விட்டு ஓடுவதில்லை. பணி தன்னுள் எழுப்பும் உணர்ச்சியை விட்டே ஓடுகிறான். அவன் தப்பிய சுமையை நாளைய தான் சுமக்க நேர்கிறது. நாளைய தன்னை வேற்றாளாகக் கருதும் இம்மனநிலையே சிக்கலின் வேர் எனலாம்.

கேம்பல் பேயில் காலத்தின் விலை

1969 முதல் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் கிரேட் நிக்கோபாரில் குடியமர்த்தப்பட்டன. தமிழ்நாடு உள்ளிட்ட பல மாநிலங்களிலிருந்து வந்த அவர்கள் காடு திருத்தித் தென்னையும் பாக்கும் வளர்த்தனர். மழை மிகுந்த அத்தீவில் வெயில் கிடைத்த நாளில் உலர்த்தாத கொப்பரை பூசணம் பிடிக்கும். நிர்வாகத் தலைநகரிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள ஊரில், ஒரு கப்பலைத் தவறவிட்டவர் அடுத்த கப்பலுக்கு நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும். மருத்துவமாயினும் மகளின் கல்லூரிச் சேர்க்கையாயினும் இதுவே நிலை. நகரத்தில் தாமதத்தின் விலை சிறுசிறு தவணைகளாகப் பிரிந்து கண்ணுக்குத் தெரியாமல் செலுத்தப்படுகிறது. தீவில் அது ஒரே தவணையில் செலுத்தப்படுகிறது. வேறுபாடு இவ்வளவே.

பேரலையும் ஒத்திவைத்த காப்பும்

2004 திசம்பர் 26 அன்று காலை 6.29 மணிக்குச் சுமத்திராவுக்கு மேற்கே கடலடியில் நிலம் அதிர்ந்தது. அரை மணிக்கும் குறைவான நேரத்தில் கிரேட் நிக்கோபார் கரையைப் பேரலை தாக்கியது. தீவின் தென்முனையான இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. 1972இல் அமைந்த கலங்கரை விளக்கின் அடியைக் கடல் சூழ்ந்தது. தமிழகக் கரையை அலை எட்ட ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆயிற்று. அந்த இரண்டு மணி நேரம் பயன்படாது போயிற்று.

பசிபிக் பெருங்கடலில் 1949 முதலே எச்சரிக்கை மையம் இயங்கிவந்தது. இந்தியப் பெருங்கடலில் அத்தகைய அமைப்பு இல்லை. 1881இல் கார் நிக்கோபார் அருகிலும் 1941இல் அந்தமானிலும் பெரும் நிலநடுக்கங்கள் நேர்ந்திருந்தன. அரிதாக நிகழ்வது என்னும் எண்ணமே காப்பை ஒத்திவைக்கப் போதிய காரணமாயிற்று. ஐதராபாத்தில் இந்திய ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் 2007 அக்டோபரில் நிறுவப்பட்டது. தனிமனிதன் மருத்துவரைக் காண்பதை ஒத்திவைப்பதற்கும் இதற்கும் இயல்பில் வேறுபாடில்லை. ஆனால் அறத்தில் பெரும் வேறுபாடு உண்டு: முன்னதில் ஒத்திவைத்தவனே பெரிதும் துன்புறுகிறான், பின்னதில் முடிவெடுக்கும் இடத்திலேயே இல்லாத மீனவர் உயிரிழந்தனர்.

இதற்கு மாறான சான்று சுமத்திராவை அடுத்த சிமெலுவே தீவில் கிடைக்கிறது. 1907இல் பேரலையால் அழிவுற்ற அத்தீவினர், நிலம் அதிர்ந்து கடல் உள்வாங்கினால் உடனே மேட்டுக்கு ஓட வேண்டும் என்பதை ‘ஸ்மோங்’ என்னும் வாய்மொழி மரபாகப் பேணினர். 2004இல் எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த அத்தீவில் இறந்தோர் எழுவர் மட்டுமே. ஓடலாமா என்று அந்த நேரத்தில் அவர்கள் சிந்திக்கவில்லை. அவர்களுக்காக முன்னோர் முன்பே முடிவெடுத்திருந்தனர்.

இத்தகைய முன்முடிவுக்கும் ஒரு விலை உண்டு. 2012 ஏப்ரல் 11இல் சுமத்திரா அருகே மீண்டும் பெரும் நிலநடுக்கம் நேர்ந்தது, எச்சரிக்கை விடுக்கப்பட்டது, மக்கள் கரையை விட்டு அகன்றனர், பேரழிவு தரும் அலை வரவில்லை. வீணாக ஓடினோம் என்னும் எண்ணமே அடுத்த முறை தயங்குவதற்கு வித்தாகிறது. பத்து முறை வீணாக ஓடுவதைப் பொறுத்துக்கொள்பவரே பதினோராம் முறை பிழைக்கிறார்.

இடைக்காலம் என்னும் மாயை

பேரலைக்குப் பின் தீவின் மேற்கு, தெற்குக் கரைகளில் வாழ்ந்த நிக்கோபாரியர் கேம்பல் பேயை அடுத்த ராஜீவ் நகர், நியூ சிங்கென் ஆகிய இடங்களில் குடியேற்றப்பட்டனர். தம் மூதாதையர் ஊர்களுக்குத் திரும்ப வேண்டும் என அவர்கள் தொடர்ந்து வேண்டிவந்துள்ளனர். ‘இப்போதைக்கு’ என்னும் சொல்லின் ஆற்றலை இங்குக் காணலாம். மறுப்பை எதிர்த்து வாதிட இயலும். ஒத்திவைப்பை எதிர்த்து வாதிடுதல் அரிது. மறுப்பவர் காரணம் கூறியாக வேண்டும். ஒத்திவைப்பவர் எதுவும் கூற வேண்டியதில்லை. பழைய ஊரையும் அதன் தோட்டத்தையும் அறிந்த முதியோர் காத்திருக்கும்போதே மறைகின்றனர். தீர்ப்பு வழங்கப்படாமலேயே வழக்கு முடிந்துவிடுகிறது.

முடிவுரை

காலந்தாழ்த்தல் அறியாமையும் அன்று, வெறும் சோம்பலும் அன்று. அண்மைத் துன்பத்திலிருந்து தப்ப வேண்டிச் சேய்மைத் துன்பத்தை ஏற்கும் செயல் அது. தன்னளவில் நிற்கும்போது அது இரங்கத்தக்க மென்மை. விலையைப் பிறர் செலுத்தும்போது அது அறக்குற்றம் ஆகிறது. மன உறுதியை மட்டும் நம்புவோர் அந்நேரத்து மனநிலைக்கு ஆட்படுவர். சிமெலுவே மக்களைப் போல முடிவை முன்கூட்டியே எடுத்து அதனை வழக்கமாக்குதலே ஏற்ற வழி. ஒரு செயலை ஒத்திவைக்கும்போது ‘எப்போது செய்வேன்’ என்று கேட்பதோடு, ‘நான் தாழ்த்தும் நேரத்தில் காத்திருப்பவர் யார்’ என்றும் கேட்டுக்கொள்ளுதல் வேண்டும். அவ்வினாவுக்கு வேறொருவர் பெயர் விடையாக வருமாயின், அச்செயலுக்கு உரிய நாள் இன்றே ஆகும்.