பரணில் இருந்த இரண்டு கூடுகள்

போகிக்கு ஒரு வாரம் முன்பு வெள்ளையடிக்க வந்தவர் ஏணியில் பாதி ஏறி அப்படியே இறங்கிவிட்டார். "சார், பரண்ல குளவி கட்டியிருக்கு. அதுக்கு ஒரு வழி பண்ணிட்டுச் சொல்லுங்க, வரேன்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அந்தக் கூடு அங்கே இருப்பது நான்கு வருடமாக எனக்குத் தெரியும். நான்கு வருடமும் நான் அந்தப் பரணில் கை வைக்கவில்லை.

சேலையூரில் அப்பா 1987-இல் கட்டிய வீடு. அந்த அறையின் வெண்டிலேட்டருக்கு மட்டும் வலை அடிக்காமல் விட்டுப்போயிற்று. குளவிகள் அதன் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். பரணில் கொலுப்படிப் பலகைகள், பித்தளை அண்டா, பஞ்சு மெத்தைகள், அப்பாவின் தகரப் பெட்டி. நவராத்திரி வந்தால், "இந்த வருஷம் மேஜையிலேயே பொம்மை வச்சுக்கலாம்" என்று வீட்டில் முடிவாகும். ஏன் என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் சாக்கை மண்ணெண்ணெயில் நனைத்துக் கொளுத்திக் காட்டச் சொன்னார். கூட்டுக்கு ஓரடி கீழே பஞ்சு மெத்தை. வேண்டாம் என்றேன். ஆனால் அவருடைய பயம் வீண் பயமில்லை. தஞ்சை, நாகைப் பக்கம் கதண்டுக் கூடு கலைந்து, கூட்டமாகக் கொட்டி உயிர் போன செய்திகளைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். கதண்டு என்றால் தீயணைப்புத் துறையைத்தான் கூப்பிட வேண்டும். அதன் கூடு வாய் மூடிய பானைபோல இருக்கும், உள்ளறைகள் தெரியாது. எங்கள் பரணில் தொங்கியது வேறு. சாம்பல் நிறம், கீழ்நோக்கித் திறந்த அறைகள், மேலே சிறு காம்பு. மரநாரைச் சுரண்டி, மென்று, எச்சிலில் குழைத்துக் கட்டும் காகிதக் குளவியின் வேலை.

ஒட்டடை படிந்த பழைய கூடு, காலியாகத்தான் இருக்கும் என்று தீர்மானிக்கவும் நம் ஊரில் இடமில்லை. குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் குளவிக் குடும்பம் பெரும்பாலும் மடிந்துவிடும்; அடுத்த ஆண்டின் ராணிகள் மட்டும் எங்காவது ஒடுங்கிப் பிழைக்கும். எங்கள் ஊரில் மார்கழி என்றால் விடியற்காலை ஒரு போர்வை, அவ்வளவுதான். ரோபாலிடியா மார்ஜினேட்டா என்னும் காகிதக் குளவியைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தவர் ராகவேந்திர கடக்கர். தென்னிந்தியாவில் இவை எந்த மாதத்திலும் கூடு தொடங்கும். ராணி போனால் கூட்டிலிருக்கும் இன்னொருத்தி அவளிடத்துக்கு வருவாள், கூடு தொடரும். இத்தனைக்கும் ராணி சாது. அவளை எடுத்துவிட்டால் சில நிமிடங்களில் ஒருத்தி மட்டும் மற்றவர்கள்மீது சீறத் தொடங்குவாள். அவள்தான் அடுத்த ராணி.

ஆகவே உட்கார்ந்து பார்ப்பதே வழி. இரண்டு நாள் நாற்காலி போட்டுப் பார்த்தேன். காலை வெயில் கூட்டின்மேல் விழுந்து நகர்ந்தது. ஒரு குளவிகூட வரவில்லை. இரவில் டார்ச் அடித்தேன். அத்தனை அறையும் காலி. தோசைத் திருப்பியால் காம்பை நெம்பியதும் உள்ளங்கையில் விழுந்தது. அப்பளம் அளவு, அப்பளத்தைவிட லேசு. எப்போது காலியானதோ, முதல் வருடமேகூட இருக்கலாம்.

பிறகு தகரப் பெட்டியை இறக்கினேன். அடிப்பக்கம் துருப்பிடித்து, ஓட்டை வழியாகச் செல் ஏறியிருந்தது. வீடு கட்டிய கணக்கை அப்பா எழுதி வைத்த நோட்டு அதில் இருந்தது. சிமென்ட் மூட்டை, செங்கல் லோடு, கொத்தனார் கூலி, சித்தாள் கூலி என்று நாள்வாரியாக எழுதியிருப்பார். அட்டை மட்டும் மிஞ்சியிருந்தது, உள்ளே மண். வருடத்துக்கு ஒருமுறை இறக்கித் தட்டியிருந்தால் தப்பியிருக்கும். அவர் கையெழுத்து அதிகம் இருந்தது அந்த நோட்டில்தான்.

பெட்டிக்குப் பின்னால், சுவர் மூலையில், இன்னொரு கூடு. இது மண்கூடு. செல்போனில் படமெடுத்து அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "இது உங்க அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்தப்போ கட்டினதுடா" என்றாள். பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் குளவி கட்டினால் கலைக்கக் கூடாது, நல்ல சகுனம் என்பது அம்மாவின் நம்பிக்கை. ஆனால் அந்த மாதங்களிலும் வாரம் தவறாமல் அதே பரணில் ஏறி அண்டாவை இறக்கியிருக்கிறாள். "அது ஒத்தையாளு. நம்ம வேலையை நாம பார்த்தா அது வேலையை அது பார்க்கும்."

அம்மா சொன்னது சரி. மண்குளவிக்குக் கூட்டம் கிடையாது, கூட்டைக் காக்கப் பாய்வதும் கிடையாது. இங்கே காணும் ஒரு மண்குளவியின் அறிவியல் பெயர் ஸ்கெலிஃப்ரான் மதராஸ்படானம். பெயரிலேயே மதராசப்பட்டினம் இருக்கிறது. 1781-இல் டென்மார்க்கின் ஃபப்ரிசியஸ் வைத்தது; தமிழ் அகராதி செய்த வேப்பேரிப் பாதிரியார் ஃபப்ரிசியஸ் வேறு. சிலந்திகளைக் கொட்டி, சாகாமல் மரக்கவைத்து, மண்ணறையில் அடைத்து, முட்டையிட்டு வாயைப் பூசிவிடும். கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்றார்கள் பெரியவர்கள். இரையாக வேறு குளவிகள் புழுவையும் கொண்டுபோகும். உள்ளே போனது இரை, வெளியே வருவது அதைத் தின்று வளர்ந்த பிள்ளை. எங்கள் கூட்டில் ஒன்பது துளைகள் இருந்தன. அத்தனையும் வளர்ந்து துளைத்துக்கொண்டு போனவை.

அம்மாவும் கூட்டை விட்டுவைத்தாள், நானும் விட்டுவைத்தேன். கேட்டவர்களிடம் "அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்று அவள் சொன்னதையே நானும் சொல்லியிருக்கிறேன். அவள் கிட்டப் போய்ப் பார்த்து, இன்னது என்று அறிந்து விட்டுவைத்தாள். நான் ஏறெடுத்துப் பார்ப்பதையே விட்டிருந்தேன். அதை இவ்வளவு நாள் ஜீவகாருண்யம் என்று நம்பிக்கொண்டிருந்ததுதான் எனக்கு உறுத்துகிறது. இப்படிப் பார்க்காமல் விட்டவை பரணுக்கு வெளியேயும் எனக்கு உண்டு. பேச்சு நின்றுபோன ஒரு தம்பி, திறக்காத ஒரு மருத்துவ ரிப்போர்ட்.

அந்த மண்கூட்டை விரலால் தொட்டுப் பார்த்தேன். கருத்த களிமண். முன்பு மழை விட்டதும் தெருமுனையில் சேறு தேங்கும். அதைத்தான் உருட்டி வந்திருக்கும். இன்று தெரு முழுக்க சிமென்ட்.

வெள்ளையடிப்பவர் மறுபடி வந்தார். "இதையும் தட்டிரவா சார்?" நான் வாய் திறப்பதற்குள் அம்மா கீழேயிருந்து, "அதைச் சுத்தி அடிச்சுடுப்பா" என்றாள். அடித்தார். கொலுப்படிப் பலகைகளை மொட்டை மாடியில் வெயிலுக்குப் போட்டிருக்கிறேன். ஒன்பதில் இரண்டைச் செல் தின்றுவிட்டது. ஏழு படி வைக்கலாம்.