சபர் திறந்து காட்டும் குணம்

அரபு மொழியில் பயணத்திற்கு ‘ஸபர்’ என்று பெயர். நாமும் அதைச் ‘சபர்’ என்றே வழங்கி வருகிறோம். இச்சொல்லின் வேருக்குத் திறத்தல், வெளிப்படுத்தல் என்னும் பொருள்கள் உண்டு. பெண் தன் முகத்திரையை விலக்குவதையும், இருள் நீங்கி வைகறை வெளுப்பதையும் இவ்வேரில் பிறந்த சொற்களாலேயே அரபிகள் குறிப்பர். மனிதரின் குணங்களைத் திறந்து காட்டுவதாலேயே பயணம் இப்பெயர் பெற்றது என்பர் அறிஞர் பெருமக்கள்.

ஒருவருக்காக நற்சாட்சி கூற வந்த மனிதரிடம் உமர் (ரலி) அவர்கள், “அவருடைய அண்டை வீட்டாரா நீர்? அவரோடு கொடுக்கல் வாங்கல் செய்ததுண்டா? அவரோடு பயணம் செய்ததுண்டா?” என்னும் கருத்துப்பட வினவினார்கள் என்றும், இல்லை என்ற விடை வந்ததும், அவரை நீர் அறியமாட்டீர் என்று கூறிவிட்டார்கள் என்றும் ஒரு செய்தி உண்டு. பள்ளிவாசலில் ஒருவர் குனிவதையும் நிமிர்வதையும் கண்டதனால் மட்டும் அவரை அறிந்தவர் ஆகிவிட முடியாது.

இவற்றைப் பல்லாண்டுகளாக மாணவர்களுக்குப் பாடமாகச் சொல்லி வந்தவன் நான். ஆனால் அந்தப் பாடத்தை நானே படித்தது நியூஸிலாந்தின் தென் தீவில், மழை கொட்டிய ஓர் இரவில்தான்.

கிறைஸ்ட்சர்ச் நகரில் பணிபுரியும் என் மகன், தன் தந்தை பனியாற்றைக் காணவேண்டும் என்பதற்காக விடுப்புச் சேர்த்து வைத்து, என்னையும் மருமகளையும் காரில் அழைத்துச் சென்றான். இரவு தங்கக் கூடாரமும் எடுத்துக்கொண்டோம். ஆர்தர் கணவாயைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. தஸ்மான் கடலின் ஈரத்தைச் சுமந்து வரும் மேல்காற்று, தென் ஆல்ப்ஸ் மலைத்தொடரில் மோதி மேலேறிக் குளிர்கிறது. சுமையை அங்கேயே இறக்கிவிடுகிறது. மலைக்குக் கிழக்கே கிறைஸ்ட்சர்ச்சில் ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழை. மேற்குக் கரையிலுள்ள ஹோக்கிடிக்காவிலோ 2,800 மில்லிமீட்டருக்கும் மேல். அதே ஈரம் மலையுச்சியில் பனியாக விழுந்து, இறுகி, பனியாறாகிக் கடலை நோக்கி இறங்குகிறது. நான் காண விரும்பிய பனியாறும், நான் வெறுத்த மழையும் ஒரே கொடையின் இரு வடிவங்கள். பரிசை விரும்பி, அதைக் கொண்டு வந்தவனை ஏசும் மடமையை என்னென்பது!

அன்றிரவு கற்கள் நிறைந்த தரையில் கூடார முளைகள் நிற்கவில்லை. காற்று தார்ப்பாயைப் பறித்தது. குளிரில் நடுங்கிய நான், மருமகள் கேட்கும்படியே, “இந்த மழையில் தகப்பனை இழுத்து வந்திருக்கிறாயே, உனக்கு அறிவிருக்கிறதா?” என்று மகன்மேல் சீறினேன். சொல்லத் தகாத வேறு சில சொற்களையும் சொன்னேன். அவன் மறுமொழி கூறாமல் முளைகளுக்குக் கல்லை அண்டைகொடுத்துக் கொண்டிருந்தான்.

களைப்பும் குளிரும் பேசிய பேச்சு மனிதனின் உண்மைக் குணமாகுமா என்று சிலர் கேட்கலாம். இரவெல்லாம் உறங்காமல் நானும் அப்படித்தான் என் நெஞ்சுக்குச் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். ஆனால் மழை எங்கள் இருவர்மீதும் ஒரே அளவாகத்தான் பெய்தது. அவனும் நனைந்தான், அவனும் களைத்தான், காரை ஓட்டியவனும் அவனே. மழைதான் கோபத்தை உண்டாக்கியது என்றால், அவனுக்கு ஏன் அது வரவில்லை? மழை எதையும் உண்டாக்கவில்லை. உள்ளே இருந்ததைக் காட்டிற்று.

ஊரில் நான் பொறுமைசாலி என்று பெயர் பெற்றவன். அந்தப் பொறுமையைத் தாங்கி நின்றவை எவை? மேலே ஒழுகாத கூரை, நேரம் தவறாத உணவு, எதிர்த்துப் பேசாத மாணவர்கள். வசதியை நான் சபுர் என்று எண்ணியிருந்தேன். பயணியின் சிரமமறிந்து நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்க அனுமதித்த மார்க்கம், நற்குணத்தைச் சுருக்கிக்கொள்ளச் சலுகை எதுவும் வழங்கவில்லை.

மறுநாள் மேகம் சற்றே விலக, ஃபிரான்ஸ் ஜோசப் பனியாறு தென்பட்டது. ஒரு பெண்ணின் உறைந்த கண்ணீர் என்று மவோரி மக்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். முன்பு பள்ளத்தாக்கின் வழியே நடந்து சென்று அதன்மேல் ஏறுவார்களாம். பனி வேகமாகப் பின்வாங்கி ஆபத்து மிகுந்ததால் 2012இல் அது நின்றுபோயிற்று. பனி விலகிய இடமெங்கும், அது நெடுங்காலம் தன்னுள் மறைத்துச் சுமந்த கற்குவியல்கள் கிடந்தன. அவற்றைப் பார்த்தபோது எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

மகனை அழைத்து, “நேற்றிரவு நான் பேசியதை மன்னித்துவிடு” என்றேன்.

“என்ன பேசினீர்கள் வாப்பா? மழைச் சத்தத்தில் எனக்கு ஒன்றுமே கேட்கவில்லையே” என்றான்.

கேட்காமல் இருந்திருக்க முடியாது. பிறர் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்னும் நபிபோதனையை அவனுக்குச் சிறுவயதில் கற்பித்தவன் நானே.

உமர் (ரலி) அவர்களின் கேள்வியை இதுநாள்வரை பிறரை அளக்கும் கோலாகவே கருதியிருந்தேன். முதலில் அது நம்மை நாமே அளந்துகொள்ள வேண்டிய கோல். பயணம் நம் குறையைத் திறந்து காட்டினால் திருத்திக்கொள்ள வேண்டும்; உடன் வந்தவரின் குறையைத் திறந்து காட்டினால் போர்த்திவிட வேண்டும். இதில் முதற்பாதியை மழை எனக்குக் கற்பித்தது; மறுபாதியை என் மகன் கற்பித்தான். வல்ல அல்லாஹ் இரண்டையும் நம் அனைவருக்கும் எளிதாக்குவானாக.