கோடைக்கால வேலையும் உழைப்பின் அறமும்

பள்ளி விடுமுறையில் பதின்பருவத்தினர் சம்பளத்துக்கு வேலை செய்வது அமெரிக்காவில் நெடுநாள் வழக்கம். ஐஸ்கிரீம் கடை, மளிகைக் கடை, நீச்சல் குளம் என இடம் எதுவானாலும், சம்பளத்துக்கு மேல் அந்த வேலைக்கு மதிப்பு உண்டா என்பது பழைய மெய்யியல் கேள்வி ஒன்றின் கிளை: உழைப்பு மனிதரை உயர்த்துமா, தாழ்த்துமா?

தாழ்த்தும் என்றவர் அரிஸ்டாட்டில். இன்றியமையாத பயன்கலைகளை இளையோர் கற்கலாம். கூலித் தொழிலோ சிந்தனைக்கு வேண்டிய ஓய்வைப் பறித்து மனத்தைச் சிறுமையாக்கும் என்று 'அரசியல்' நூலின் எட்டாம் பகுதியில் அவர் வாதிட்டார். அந்த ஓய்வு அடிமைகளின் உழைப்பால் சிலருக்கு மட்டும் கிடைத்தது என்பது இவ்வாதத்தின் பெருங்குறை.

யூத மரபின் நிலை வேறு. மகனுக்குத் தோரா என்ற மறைநூலைக் கற்பிப்பதோடு ஒரு தொழிலையும் கற்றுத்தருவது தந்தையின் கடமை என்கிறது தல்மூத் என்ற சமயநூல். தொழில் கற்றுத்தராதவர் அவனைத் திருட்டுக்குப் பழக்கியவருக்கு ஒப்பாவார் என்பது ரபி யூதாவின் கருத்து. 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் வகுத்த துறவற விதிகளின் 48ஆம் அதிகாரம் சோம்பலைக் கடிகிறது; எனினும் நாளை உடலுழைப்புக்கும் வாசிப்புக்கும் பகிர்ந்தளிக்கிறது, நலிந்தோருக்கு எளிய வேலையே தரச் சொல்கிறது. 12ஆம் நூற்றாண்டுக் கன்னட நாட்டில் பசவண்ணரும் சரணர்கள் எனப்பட்ட சிவனடியார்களும் 'காயகம்' என்ற உழைப்பை, ஈட்டியதைப் பகிரும் 'தாசோக'த்தோடு பிணைத்தனர்.

உழைப்பைப் போற்றிய இம்மரபுகள் அதைத் தனியே போற்றவில்லை. கல்வியோ வழிபாடோ பகிர்வோ அதன் துணையாக நின்றது.

விடுமுறை வேலைக்கும் இதுவே பொருந்தும். பெற்றோரின் பாசமோ ஆசிரியரின் மதிப்பெண்ணோ இல்லாத இடத்தில், ஒப்புக்கொண்டதை நேரத்துக்குச் செய்து முடிக்கும் பொறுப்பை அது பழக்குகிறது. பள்ளி திறந்ததும் மாணவர் திரும்பிவிடுவார். உடன் வேலைபார்த்தவருக்கு அதுவே ஆண்டு முழுவதற்குமான பிழைப்பு. இந்த வேறுபாட்டை உணர்வது உழைப்போர்மீது மரியாதையை வளர்க்கும். உணராவிட்டால் வேலை வெறும் கைச்செலவுப் பணமாகிவிடும்.

குடும்பத்தின் அடுப்பு அந்தச் சம்பளத்தை நம்பியிருந்தால் நிலைமை மாறுகிறது. விருப்பத்தின் இடத்தில் கட்டாயம் வந்து அமர்கிறது. சட்டம் வரம்பிடுவது இதனால்தான். அமெரிக்காவின் 1938ஆம் ஆண்டு நியாயத் தொழிலாளர் தரச் சட்டத்தின்கீழ், பண்ணை வேலை போன்ற சில விலக்குகள் நீங்கலாக, 14, 15 வயதினர் பள்ளி நாளில் 3 மணி நேரமும் விடுமுறை நாளில் 8 மணி நேரமும் மட்டுமே வேலை செய்யலாம். இந்தியாவில் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 14 முதல் 18 வயது வரையுள்ளோரை அபாயகரமான தொழில்களில் அமர்த்தக்கூடாது. கல்விக்கும் ஓய்வுக்கும் இடம்விட்டு, விரும்பி ஏற்கும் வேலையே இளையோரை வளர்க்கும்.